மேட்டுக்கு அடியில் ஓர் ஊற்று

போன இதழில் ஒரு வாசகர், "நீங்கள் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். உங்களால் மறக்கவே முடியாத சுரங்க விபத்து எது?" என்று கேட்டிருந்தார். "1966-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அபர்வான் என்ற ஊரில் நடந்தது. சுரங்கத்துக்குள் யாரும் சாகவில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் செத்துப்போனார்கள்" என்று பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பலர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை எடுத்து வைத்துவிட்டேன். அபர்வானைப் பற்றி மட்டும் பேசுவோம்.

*கேள்வி: சுரங்க விபத்தில் பள்ளிப் பிள்ளைகள் எப்படி ஐயா இறந்தார்கள்? அன்று என்னதான் நடந்தது? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)*

நிலக்கரியை வெட்டி மேலே ஏற்றும்போது கூடவே கல், களிமண், தூள் எல்லாம் வரும். கரியைக் கழுவினால் கருஞ்சேறு மிஞ்சும். இதையெல்லாம் எங்கேயாவது கொட்டியாக வேண்டும். தெற்கு வேல்ஸ் முழுக்க ஒடுங்கிய பள்ளத்தாக்குகள். கீழே ஆறு, ஆற்றோரம் ரயில் பாதை, சுரங்கம், வரிசை வீடுகள், அவ்வளவுதான் சமதரை. அதனால் கழிவை மலைமேல் கொண்டுபோய்க் கொட்டினார்கள். மெர்த்தர் வேல் சுரங்கத்தின் கழிவு, அபர்வான் ஊருக்கு மேலே இருந்த சரிவில் 7 மேடுகளாக நின்றது. ஏழாவது மேட்டை 1958-ல் ஆரம்பித்தார்கள். 8 வருடத்தில் அது 111 அடி உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. அதற்குக் கீழே பான்ட்கிளாஸ் தொடக்கப்பள்ளி.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அன்று மதியத்தோடு பள்ளிக்கு விடுமுறை. பல நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பள்ளத்தாக்கில் ஒரே பனிமூட்டம். மேலே மலையில் மட்டும் வெளிச்சம். காலை 7.30 மணி வாக்கில் மேட்டுக்கு வேலைக்குப் போனவர்கள், அதன் தலைப்பகுதி 10 அடி உள்வாங்கியிருப்பதைப் பார்த்தார்கள். தொலைபேசி இல்லை. அதன் கம்பியை யாரோ திருடிவிட்டிருந்தார்கள். ஓர் ஆளைக் கீழே அனுப்பிச் சொல்ல வைத்தார்கள். அவர் திரும்பி வந்து, "இன்றைக்குக் கொட்ட வேண்டாம், அடுத்த வாரம் வேறு இடம் பார்க்கலாம்" என்ற பதிலைச் சொன்னார். (தொலைபேசி இருந்திருந்தாலும் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று விசாரணையில் பிறகு முடிவானது. அந்தக் கம்பித் திருடன்மேல் பழியைப் போட்டுவிட்டு யாரும் தப்பிக்க முடியவில்லை.)

9.15 மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேடு கிளம்பியது. மேலே நின்றவர்களுக்கு அது போவது தெரிந்தது. பனிமூட்டத்தில் அது எங்கே போய் விழுந்தது என்பது தெரியவில்லை. ஊருக்குள் வந்து இறங்கியது மட்டும் சுமார் 40,000 கன மீட்டர். லாரிக்கு 10 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 4,000 லாரி சேறு, சில நிமிடத்தில். வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்த வகுப்பறைகள், மோய் ரோடு வீடுகள் எல்லாவற்றையும் அது மூடியது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள், பெரும்பாலும் 7 வயதிலிருந்து 10 வயது வரை. மதிய உணவுப் பணம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, 5 பிள்ளைகள்மேல் தன் உடம்பைப் போட்டுக் கவிழ்ந்தார். பிள்ளைகள் ஐவரும் பிழைத்தார்கள். அவர் பிழைக்கவில்லை.

சுரங்கத்துக்குள் இருந்த தொழிலாளர்களை மேலே வரச் சொன்னார்கள். தலையில் விளக்கோடு அப்படியே ஓடி வந்து தோண்டினார்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். நடுவில் ஒரு விசில் ஊதுவார்கள். உடனே அத்தனை மண்வெட்டியும் நிற்கும். எங்காவது குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் மறுபடி தோண்டல். காலை 11 மணிக்கு மேல் ஒருவரைக்கூட உயிரோடு எடுக்க முடியவில்லை. கடைசி உடல் கிடைக்க ஒரு வாரம் ஆனது.

*கேள்வி: நான் டிப்பர் ஓட்டுகிறேன். எத்தனையோ மண் குவியல் பார்த்திருக்கிறேன். குவியல் சரியும், ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் மாதிரி அரைக் கிலோமீட்டர் ஓடி வருமா? (நாமக்கல்)*

ஓடும். சின்ன வயதில் ஆற்றோரம் ஈர மணலில் நின்று இரண்டு காலையும் மாற்றி மாற்றி மிதித்திருப்பீர்கள். முதலில் கெட்டியாக இருக்கிற மணல், கொஞ்ச நேரத்தில் கஞ்சி மாதிரி குழைந்து கணுக்கால் வரை உள்ளே இழுக்கும். மணல் அதேதான். மணலுக்கு நடுவில் இருக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல், பாரத்தைத் தானே சுமக்க ஆரம்பித்துவிடுகிறது. மணல் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது விட்டுப்போகிறது. அந்த நிமிடத்திலிருந்து அது மண் கிடையாது, திரவம்.

ஏழாவது மேட்டில் வெறும் கல் மட்டும் இருந்திருந்தால் தண்ணீர் வடிந்திருக்கும். அதில் கரி கழுவிய நைசான தூளையும் சேர்த்துக் கொட்டினார்கள். கொட்டிய இடத்துக்கு அடியில் ஓர் ஊற்றும் ஓடையும் இருந்தன. மேலே மழை, கீழே ஊற்று, நடுவில் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்கிற தூள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வடக்கே ஒரு கரிச் சுரங்கத்தில் சர்வேயராகச் சேர்ந்த புதிது. அங்கே திறந்தவெளிச் சுரங்கத்தின் மேல்மண்ணைக் கொட்டிய மேடு ஒன்று இருந்தது. 'ஓபி டம்ப்' என்பார்கள். ஒரு ஆடி மாத மழைக்குப் பிறகு அதன் தலையில் நெடுக ஒரு விரிசல். இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளைக்குச்சி அடித்து, நடுவில் டேப் பிடித்தேன். முதல் நாள் 2 விரல் அகலம். மூன்றாம் நாள் என் உள்ளங்கை நுழைந்தது. பதிவேட்டில் எழுதி மேலதிகாரியிடம் நீட்டினேன். "மழைக்காலத்தில் மண் வெடிக்கத்தான் செய்யும்" என்று பக்கத்தைப் புரட்டாமலே மூடினார். நாலாம் நாள் இரவு அது போய்விட்டது. அடியில் இருந்த ஒரு தகரக் கொட்டகையும் போனது. பகலில் அதில் 9 பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இரவு என்பதால் ஆள் இல்லை. அன்றிலிருந்து எனக்கு அபர்வான் வெறும் பரீட்சைப் பாடமாக இல்லாமல் போனது.

*கேள்வி: முன்கூட்டியே யாருக்கும் தெரியாதா? யாருமே எச்சரிக்கவில்லையா? (ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர், தஞ்சாவூர்)*

நீங்கள் கோப்புகளோடு வாழ்ந்தவர், இந்தப் பதில் உங்களுக்கு வலிக்கும். எல்லாம் எழுத்தில் இருந்தது.

1963-ல் மெர்த்தர் நகராட்சியின் பொறியாளர், சுரங்கங்களை நடத்திவந்த அரசு அமைப்பான நிலக்கரி வாரியத்துக்கு எழுதிய கடிதத்தின் தலைப்பே 'பான்ட்கிளாஸ் பள்ளிகளின் பின்புறம் கொட்டப்படும் கரிச் சேற்றினால் ஆபத்து' என்பதுதான். சேறு இளகலாக இருக்கிறது, சரிவு செங்குத்தாக இருக்கிறது, மழைக்காலத்தில் அது நின்ற இடத்தில் நிற்காது என்று அவர் எழுதினார். 1964-ல் நகராட்சிக் கூட்டத்தில் பெண் உறுப்பினர் ஒருவர், அந்த மேடு நகர்ந்தால் பள்ளி முழுக்கவே ஆபத்தில் மாட்டும் என்றார். 1965-ல் தாய்மார்கள், மேட்டிலிருந்து வருகிற வெள்ளம் பள்ளியைச் சூழ்கிறது என்று மனு எழுதித் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தார்கள். அவர் அதை நகராட்சிக்கு அனுப்பினார். விபத்தில் அந்தத் தலைமை ஆசிரியையும் இறந்துபோனார். இதற்கெல்லாம் முன்னாலேயே, 1944-ல் நாலாவது மேடு ஒரு முறை சரிந்திருக்கிறது. ஏழாவது மேடே 1963-ல் ஒரு தடவை சறுக்கியிருக்கிறது.

விபத்துக்குப் பிறகு வாரியத்தின் தலைவர் ராபன்ஸ் பிரபு, மேட்டுக்கு அடியில் ஊற்று இருந்தது யாருக்கும் தெரியாது என்று தொலைக்காட்சியில் சொன்னார். நான் சர்வேயர். இந்த ஓர் இடத்தில் எனக்கு இப்போதும் கை நடுங்கும். அந்த ஊற்று அரசாங்க வரைபடத்திலேயே இருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். வரைபடத்தைக் கையில் எடுத்து, கொட்டப்போகிற இடத்தில் விரலை வைத்திருந்தால் போதும்.

ஊர் ஏன் இன்னும் உரக்கக் கத்தவில்லை என்றும் நீங்கள் கேட்கலாம். கொட்டுவதை நிறுத்தினால் சுரங்கம் மூடும். சுரங்கம் மூடினால் ஊரே சாப்பாட்டுக்கு எங்கே போகும்? கரிச் சுரங்கத்தை நம்பி இருக்கிற எந்த ஊரிலும் இந்தப் பயம் உண்டு. நான் பார்த்திருக்கிறேன். புகார் சொல்ல வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் தணிந்துவிடும்.

*கேள்வி: யாருக்குத் தண்டனை கிடைத்தது? (வாசகர், விருதுநகர்)*

ஒருவருக்கும் கிடைக்கவில்லை. எட்மண்ட் டேவிஸ் என்ற நீதிபதியின் தலைமையில் விசாரணை 76 நாள் நடந்தது. அவரே பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். 1967-ல் வந்த அறிக்கை நிலக்கரி வாரியத்தின்மேல் முழுப் பொறுப்பையும் வைத்தது. கெட்ட எண்ணத்தால் நடந்ததில்லை, அறியாமையாலும் திறமைக் குறைவாலும் ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழாததாலும் நடந்தது என்றது. 9 ஊழியர்களைப் பெயர் சொல்லிக் குறை கூறியது. அவர்களில் யாருடைய வேலையும் போகவில்லை. விபத்து நடந்த அன்று ராபன்ஸ் ஊருக்கு வரவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் வேந்தராகப் பொறுப்பேற்கும் விழாவுக்குப் போய்விட்டு மறுநாள்தான் வந்தார். பிறகு ராஜினாமா கொடுத்தார், அரசு ஏற்கவில்லை. 1971 வரை பதவியில் இருந்தார்.

சட்டம் வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். அதுவரை கழிவு மேடுகளின் உறுதியைப் பற்றி அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. 1969-ல் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள்.

*கேள்வி: நிவாரணம் ஒழுங்காகக் கிடைத்ததா? வெள்ளைக்கார நாடு, அங்கே பணத்துக்குக் குறைவிருக்காது என்று நினைக்கிறேன். (இல்லத்தரசி, கோவில்பட்டி)*

பணம் கொட்டியது அம்மா. அந்தப் பணம் செய்த காயம்தான் பெரிய கதை.

மெர்த்தர் மேயர் ஆரம்பித்த நிதிக்கு உலகம் முழுவதிலிருந்தும் பணம் வந்தது, கிட்டத்தட்ட 17.5 லட்சம் பவுண்டு. சின்னப் பிள்ளைகள் உண்டியலை உடைத்து அனுப்பினார்கள். பொம்மைகள் மூட்டை மூட்டையாக வந்தன, விளையாடப் பிள்ளைகள் இல்லாத ஊருக்கு.

நிலக்கரி வாரியம் இழப்பீடாக ஒரு குழந்தைக்கு முதலில் 50 பவுண்டு தருவதாகச் சொன்னது. கடைசியில் 500 பவுண்டு கொடுத்தது. பொது நிதியிலிருந்து குடும்பத்துக்கு 5,000 பவுண்டு கொடுக்கலாம் என்று நிர்வாகிகள் முடிவு செய்தபோது, அறக்கட்டளைகளைக் கண்காணிக்கிற அரசு ஆணையம் குறுக்கே வந்தது. பணம் கொடுக்கும் முன், அந்தப் பெற்றோர் இறந்த குழந்தையோடு நெருக்கமாக இருந்தார்களா, மனத்துயரம் அடைந்திருக்க வாய்ப்பு உண்டா என்று ஒவ்வொரு வீடாகப் பரிசீலிக்க வேண்டும் என்று யோசனை சொன்னது. ஒரு தாயிடம் போய், "உன் பிள்ளைமேல் உனக்குப் பாசம் இருந்ததா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வதா? நிர்வாகிகள் அதைச் செய்யவில்லை. ஆனாலும் அப்படி ஒரு யோசனை ஒரு அலுவலகத்தில் தட்டச்சாகி வந்தது.

அப்புறம் மேடுகள். ஏழாவது சரிந்துவிட்டது, மிச்சம் இன்னும் ஊருக்கு மேலேயே நின்றன. மழை பெய்கிற ஒவ்வொரு இரவும் ஊர் விழித்திருந்தது. எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். ஆபத்தில்லை, செலவு அதிகம் என்றார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஊர்க்காரர்கள் கரிச் சேற்றை எடுத்துக்கொண்டு வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் இருந்த அரசு அலுவலகத்துக்குப் போய், அங்கேயே கொட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அரசு இறங்கி வந்தது. அப்போதும் ஒரு நிபந்தனை: செலவில் 1,50,000 பவுண்டை நிவாரண நிதியிலிருந்து ஊர் கொடுக்க வேண்டும். பிள்ளைகளைக் கொன்ற குப்பையை அகற்ற, பிள்ளைகளுக்காக வந்த பணம். 1968-ல் வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள்.

அந்தத் தொகையை 1997-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். 29 வருடம் கழித்து, அதே 1,50,000, வட்டி கிடையாது. அதற்குள் அந்தப் பணத்தின் மதிப்பு ஏறக்குறைய பத்து மடங்கு குறைந்துபோயிருந்தது. 2007-ல் வேல்ஸ் அரசு 15 லட்சம் பவுண்டு நினைவு அறக்கட்டளைக்கும், 5 லட்சம் பவுண்டு கல்விக்கான அறக்கட்டளைக்கும் கொடுத்துக் கணக்கை ஓரளவு நேர் செய்தது. அந்த நேரத்தில் பெற்றோர் பலர் உயிரோடு இல்லை.

*கேள்வி: நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. பிழைத்த பிள்ளைகள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள்? அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். (பெரம்பலூர்)*

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன் டீச்சர்.

பாதிப் பள்ளி போய்விட்டது, பாதி பிழைத்தது. பிழைத்தவர்கள் தெருவில் விளையாட வெளியே வரவில்லை. பயம் ஒரு காரணம். இன்னொன்று, பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாளே, அவளுக்கு எப்படி இருக்கும் என்ற எண்ணம். தாங்கள் உயிரோடு இருப்பதே ஒரு தப்பு என்று 8 வயதுப் பிள்ளைகள் நினைத்தார்கள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இல்லை. அவனுடைய அம்மா கடைவீதியில் எதிரே வருகிறாள். எந்தப் பக்கம் திரும்புவது?

பெரியவர்களுக்குள்ளும் பிளவு வந்தது. பறிகொடுத்த வீடு, தப்பிய வீடு என்று இரண்டு விதமான வீடுகள் ஒரே வரிசையில். தூக்க மாத்திரை இல்லாமல் தூங்காதவர்கள் பலர். குடியில் விழுந்தவர்கள் உண்டு.

மரணச் சான்றிதழ் விசாரணையில் ஒரு தகப்பன் எழுந்து நின்றதை இங்கே சொல்ல வேண்டும். மூச்சுத் திணறல், பல காயங்கள் என்று காரணம் படித்தார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நிலக்கரி வாரியத்தால் உயிரோடு புதைக்கப்பட்டது, அப்படித்தான் பதிவாக வேண்டும், சான்றிதழில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். அவர் கேட்டது ஒரு சொல். காசு கேட்கவில்லை, நடந்ததை நடந்தபடி எழுது என்றார். அந்த ஊர் அதற்குப் பிறகு பல வருடம் கேட்டதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். முன்னால் எழுதிக் கொடுத்ததை யாரும் படிக்கவில்லை. பின்னால் சொன்னதையும் அப்படியே பதிவு செய்ய மனம் வரவில்லை. துக்கம் ஆறும், ஆறாவிட்டாலும் பழகும். காதில் வாங்கப்படாதது ஆறுவதில்லை.

33 வருடம் கழித்து, பிழைத்தவர்களை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 46 சதவீதம் பேருக்கு வாழ்க்கையில் ஏதாவது ஒரு கட்டத்தில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்திருக்கிறது. 29 சதவீதம் பேருக்கு ஆராய்ச்சி நடந்த காலத்திலும் இருந்தது. 8 வயதில் சேற்றுக்கடியில் கிடந்தவர், 40 வயதைத் தாண்டியும் இரவில் அதே சத்தத்தைக் கேட்டு எழுந்து உட்காருகிறார்.

ஆனால் டீச்சர், இதையும் எழுத வேண்டும். விபத்துக்கு அடுத்த 5 வருடங்களில் அந்த ஊரில் பிறப்பு விகிதம் சுற்றுவட்டாரத்தைவிடக் கூடியது. இது 1975-ல் ஆய்வாக வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், பிள்ளையை இழந்த வீடுகளில் மட்டும் இது நடக்கவில்லை, இழக்காத வீடுகளிலும் நடந்தது. ஊரே சேர்ந்து தொட்டிலை நிரப்பியது மாதிரி. தாய்மார்கள் ஒரு மன்றம் ஆரம்பித்து வாரந்தோறும் சந்தித்தார்கள். ஆண்கள் சேர்ந்து ஒரு பாடகர் குழு தொடங்கினார்கள். தனியாக உட்கார்ந்தால் அழ வராத சுரங்கத்தொழிலாளிகள், பத்துப் பேரோடு சேர்ந்து நின்றால் பாட முடிந்தது.

*கேள்வி: நம் நாட்டில் சுரங்கச் சாவே நடக்காத மாதிரி வேல்ஸ் கதையை ஏன் எழுத வேண்டும்? (வாசகர், நெய்வேலி)*

நடந்திருக்கிறது. 1975 டிசம்பர் 27, தன்பாத் பக்கத்தில் சாஸ்நாலா. கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து 375 பேர் போனார்கள். 2016 டிசம்பர் 29, ஜார்க்கண்டில் லால்மாட்டியா. மேல்மண் மேடு அப்படியே சரிந்து, அடியில் வேலை செய்துகொண்டிருந்த 20-க்கும் மேற்பட்டவர்களைப் புதைத்தது. லால்மாட்டியா செய்தியைப் பார்த்த இரவு நான் சாப்பிடவில்லை.

சாஸ்நாலா நடந்து 3 வருடம் கழித்துத்தான் அந்த வட்டாரத்துக்கு வேலைக்குப் போனேன். எங்கள் சுரங்கத்தின் விளக்கறையில் ஓர் அம்மாள் இருந்தார். சாஸ்நாலாவில் கணவரை இழந்தவர். உள்ளே போகிறவர் தன் டோக்கனைக் கொடுத்து விளக்கை வாங்குவார், மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனை எடுத்துக்கொள்வார். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் மேலே வரவில்லை என்று கணக்கு. ஷிஃப்ட் முடிந்து பலகை காலியான பிறகும் அந்த அம்மாள் ஒவ்வொரு ஆணியாக விரலால் தொட்டுக்கொண்டே வருவார். எல்லா ஆணியும் வெறுமையாக இருக்கிறதா என்று. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடுவார். யாரும் அவரை அவசரப்படுத்த மாட்டார்கள்.

அபர்வானைப் பற்றி எழுதக் காரணம், அங்கே எல்லாம் எழுத்தில் கிடைக்கிறது. யார் எந்தத் தேதியில் யாருக்கு எழுதினார், எந்த மேசையில் அது நின்றது என்று விசாரணையில் பகிரங்கமாக வந்துவிட்டது. நம் ஊர்களில் அந்த அம்மாளின் விரலுக்குத் தெரிந்த கணக்குக்கு ஏடு இல்லை. இருந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன்.

*கேள்வி: நேரில் போயிருக்கிறீர்களா? இப்போது எப்படி இருக்கிறது? (வாசகி, மதுரை)*

ஒரு தடவை போனேன். மகள் கார்டிஃபில் இருந்தபோது. அங்கிருந்து மெர்த்தர் போகிற ரயிலில் மெர்த்தர் வேல் நிலையத்தில் இறங்கி, ஆற்றைத் தாண்டி நடந்தோம். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து நான் அதுவரை 'அபர்ஃபான்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வெல்ஷ் மொழியில் அந்த எழுத்துக்கு 'வ' ஓசை. கடையில் வழி கேட்டபோது அங்கிருந்த பெண்மணி மெதுவாக ஒரு தரம் சொல்லித் திருத்தினார். எதற்குப் போகிறோம் என்று கேட்கவில்லை. "ஏற்றம் அதிகம், நின்று நின்று போங்கள்" என்றார்.

சுரங்கம் 1989-லேயே மூடிவிட்டது. பள்ளி இருந்த இடம் இப்போது பூந்தோட்டம். மேடுகள் இல்லை, மலை பச்சையாக இருக்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால் ஓர் அழகான பள்ளத்தாக்கு என்றுதான் சொல்வார்கள். கல்லறைத்தோட்டம் மலைச்சரிவில். பிள்ளைகளின் கல்லறைகள்மேல் வரிசையாக வெள்ளை வளைவுகள், தூரத்திலிருந்தே தெரியும். பேத்திக்கு அப்போது 8 வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற உற்சாகத்தில் ஒவ்வொரு கல்லாக நின்று வயதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனாள். நாலைந்து கல் தாண்டியதும் குரல் நின்றுவிட்டது. திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே இறங்கும்வரை விடவில்லை.

இடிபாட்டிலிருந்து எடுத்த ஒரு கடிகாரத்தைப் பல வருடம் பாதுகாத்து வைத்திருந்து, 2022-ல் கார்டிஃப் பக்கத்தில் இருக்கிற செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். 9.13-ல் நின்றுபோன முள். நான் போனபோது அது அங்கே இல்லை. மகளிடம் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

*கேள்வி: என் தம்பி வடக்கே ஒரு கரிச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலேயே மண்மேடு இருக்கிறது. உங்கள் பதிலைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவன் எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகி, அறந்தாங்கி)*

பயப்பட வேண்டாம், கவனித்தால் போதும். பழைய மேடுகள் இன்றும் நகரத்தான் செய்கின்றன. வேல்ஸிலேயே 2,500-க்கும் மேல் பழைய மேடுகள் இருக்கின்றன, 2020-ல் டைலர்ஸ்டவுனில் ஒன்று மழையில் சரிந்தது, நல்லவேளை உயிர்ச்சேதம் இல்லை.

தம்பியிடம் சொல்லுங்கள். மழை முடிந்ததும் மேட்டின் தலையைப் பார்க்கட்டும், நீளவாக்கில் விரிசல் விட்டிருக்கிறதா என்று. தலை உள்வாங்கியிருந்தால் அது இன்னும் மோசம். அப்புறம் அடிவாரம். மண் வயிறு தள்ளிக்கொண்டு வருகிறதா, முன்பு இல்லாத இடத்தில் தண்ணீர் கசிகிறதா, கசிகிற தண்ணீர் கலங்கலாக இருக்கிறதா. தெளிந்த தண்ணீரைவிடக் கலங்கல் தண்ணீர் ஆபத்து, உள்ளே இருக்கிற தூளை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். மின்கம்பம், வேலிக்கல், மரம் ஏதாவது சாய்ந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளட்டும். அந்த ஊர்ப் பெரியவர்களிடம், மேடு வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஓடை, குட்டை, ஊற்று ஏதாவது இருந்ததா என்று கட்டாயம் கேட்கட்டும். ஆடு மாடு மேய்த்தவர்களுக்குத் தெரியும்.

விரிசல் இருந்தால் நான் சொன்ன மாதிரி இரண்டு முளைக்குச்சி அடித்து, தினமும் அளந்து தேதியோடு எழுதட்டும். அகலம் கூடிக்கொண்டே போனால் அன்றிரவே குடும்பத்தை வேறு இடத்தில் தங்க வைக்கட்டும், அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். சுரங்க மேலாளருக்கு ஒரு கடிதம், தன்பாத்தில் இருக்கிற சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்துக்கு ஒரு நகல். வாயால் சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து, ஒப்புகைச் சீட்டோடு அனுப்ப வேண்டும். தனியாகப் போடத் தயங்கினால் குவார்ட்டர்ஸில் இருக்கிற பத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்ததும் அதை ஊருக்கு, உங்களுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பத்திரமாக வைத்திருங்கள்.

விரிசலின் அளவையும் போட்டோவையும் எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். படம் எடுக்கும்போது விரிசலின் பக்கத்தில் ஒரு அடி ஸ்கேலையோ தீப்பெட்டியையோ வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.